மட்டாஞ்சேரியின் மகிழ்வு நாள்

திருவிழாக்கள் வானத்திலிருந்து இறங்கி வந்தவை அல்ல, வயலிலிருந்து எழுந்தவை. ஆண்டு முழுதும் மழைக்கும் வெயிலுக்கும் முதுகு கொடுத்தவன், தன் உழைப்பின் பயனைக் களத்திற் குவியலாகக் கண்ட நாளில் அடைந்த களிப்பே பின்னர்ச் சடங்காகவும் பாட்டாகவும் உருக்கொண்டது. நம் தைப்பொங்கல் இதற்குச் சான்று. வெருகலாற்று நீரை நம்பி நெல் விளைவிக்கும் எம் பகுதி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால், நிலத்தை இழந்துவிட்ட மக்கள் எதனைக் கொண்டு விழா எடுப்பர்? விதைக்க வயலும் அறுக்கக் கதிரும் இல்லாதவர்களின் மகிழ்ச்சி எதிலிருந்து பிறக்கும்? இவ்வினாவுக்கு மனித வரலாறு தந்த விடைகளுள் ஒன்று வியப்புக்குரியது. நிலமிழந்த ஒரு மக்கட் கூட்டம், தான் படித்து முடித்த நூல் ஒன்றைக் கைகளில் ஏந்தி ஆடிப் பாடி, அதனையே தன் அறுவடையாகக் கொண்டாடியது. யூதர்களின் ‘சிம்ஹத் தோரா’ என்னும் விழாவையே குறிப்பிடுகிறேன். ‘தோராவின் மகிழ்வு’ என்பது அப்பெயரின் பொருள்.

மூதூரிலிருந்து எழுதும் தமிழாசிரியன் ஒருவனுக்கு இவ்விழாவைப் பற்றி எழுதவேண்டிய தேவை என்ன என்று வாசகர் வினவலாம். தேவை என் வகுப்பறையிலிருந்தே எழுந்தது. உயர்தர வகுப்பில் எழுத்து வரலாற்றைக் கற்பிக்கும்போது, வட்டெழுத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொச்சிச் செப்பேட்டின் படத்தை நான் காட்டுவதுண்டு. முஸ்லிம் மாணவரும் அயற் கிராமங்களிலிருந்து வரும் தமிழ் மாணவரும் ஒன்றாக அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பர். ‘இசுப்பு இரப்பான்’ என்ற பெயர் வந்ததும், அவன் யார் என்று கேட்பர். யூதர்களின் தலைவன் என்று விடை சொன்னால் வகுப்பில் ஒரு மௌனம் கவியும். கைப்பேசித் திரைகளில் இடிந்து விழும் வீடுகளையும் வெள்ளைத் துணி சுற்றிய குழந்தைகளையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யூதர் என்ற சொல் வேறெந்தப் பொருளையும் தருவதில்லை. அந்த மௌனத்தை ஒரு மாணவி கலைத்தாள். “அவங்களுக்கும் பெருநாள் இருக்கா, சேர்?” என்று கேட்டாள்.

பகைமையில்லாத வினா அது. ஒரு மக்களை அவர்களின் படைவிமானங்களைக் கொண்டு மட்டும் அறிந்தவள், அவர்களின் பெருநாளைக் கொண்டும் அறிய விரும்பினாள். அந்த வினாவுக்குரிய விடையை முழுமையாகச் சொல்லுதல் ஆசிரியத் தொழிலின் கடமை என்று கருதுகிறேன். முழுமை என்பதில் அம்மகிழ்ச்சியின் அழகும் அடங்கும். அதன் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் கதையும் அடங்கும்.

பண்டைப் பலஸ்தீனத்து உழவர்களான யூதர்களுக்கு இலையுதிர் காலத்தில் ஓர் அறுவடை விழா இருந்தது. விளைச்சலைச் சேர்த்து முடித்தபின் இலை தழைகளால் குடிசை வேய்ந்து, ஏழு நாள் அதிலிருந்து உண்டு மகிழ்வர். ‘சுக்கோத்’ எனப்படும் இக்குடிசை விழாவுக்கு, எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து தப்பிப் பாலைநிலத்தில் அலைந்த முன்னோரின் நினைவு பின்னர் ஏற்றப்பட்டது. ஏழு நாளும் முடிந்தபின் எட்டாம் நாளும் ஓர் ஒன்றுகூடல் உண்டு. இவ்விழாவுக்கு அவர்களுடைய வேதம் விதித்த நெறி ஒன்று கருதத்தக்கது. வீட்டுத் தலைவனும் அவன் மக்களும் மட்டும் மகிழ்ந்தாற் போதாது; அடிமையும் பணிப்பெண்ணும் அந்நியனும் அநாதையும் கைம்பெண்ணும் அவர்களோடு சேர்ந்து மகிழ வேண்டும் என்று உபாகமம் என்னும் ஐந்தாம் நூல் கட்டளையிடுகிறது. இந்த அளவுகோலை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். கட்டுரையின் இறுதிவரை அது நமக்குத் தேவைப்படும்.

கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமப் படைகள் எருசலேமின் ஆலயத்தை அழித்தன. அடுத்தடுத்த தோல்விகளும் நாடுகடத்தல்களும் யூதர்களை மேலும் மேலும் உலகெங்கும் சிதறடித்தன. அறுவடை விழாவின் குடிசைகள் எஞ்சின. அறுவடை பலருக்கு இல்லையாயிற்று. இந்த வெறுமையை நிரப்ப வந்ததே நூல். மோசேயின் ஐந்து நூல்களாகிய தோரா, எம் முஸ்லிம் மாணவர்கள் தவ்ராத் என்று அறிந்திருப்பது, வாரந்தோறும் தொழுகைக்கூடத்தில் பகுதி பகுதியாக ஓதப்பட்டது. பலஸ்தீனத்தில் இவ்வோதல் முடிய ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆயின. பாபிலோனிய யூதர்கள் ஓராண்டில் ஓதி முடித்தனர். அந்த ஆண்டோதலின் முடிவு, பழைய எட்டாம் நாள் ஒன்றுகூடலோடு வந்து பொருந்தியது. இஸ்ரேலுக்கு வெளியே எட்டாம் நாளை இரு நாளாகக் கொண்டாடும் வழக்கம் இருந்தமையால், இரண்டாம் நாள், அதாவது திஷ்ரி மாதம் 23ஆம் நாள், தோராவின் மகிழ்வு நாளாக நிலைபெற்றது. ஆகவே இவ்விழா வேதத்தில் விதிக்கப்பட்டது அன்று. ஓதிய மக்களே உண்டாக்கிக்கொண்டது.

1170ஆம் ஆண்டளவில் எகிப்துக்குச் சென்ற துதேலாப் பெஞ்சமின் என்னும் யூதப் பயணி ஓர் இனிய செய்தியை எழுதி வைத்துள்ளார். பழைய கெய்ரோவில் இரு யூதப் பள்ளிகள் இருந்தன. ஒன்று பாபிலோனிய முறைப்படி ஓராண்டிலும் மற்றது பலஸ்தீன முறைப்படி மூன்றாண்டிலும் ஓதி முடிக்கும். ஆயினும் இந்த மகிழ்வு நாளில் இரு சாராரும் ஒன்றாகக் கூடித் தொழுதனர். இன்னும் ஓதி முடிக்காதவர்கள், முடித்தவர்களின் மகிழ்ச்சியிற் பங்கு கொண்டனர். கொள்கை வேறுபாட்டால் ஒரே ஊரில் இரண்டு மூன்று சங்கங்களாகப் பிரிந்து நிற்கும் முற்போக்காளர்களாகிய நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

விழாவின் நடுநாயகமான சடங்கு எளிமையானது. தோற்சுருள்களாகிய தோராக்களைப் பேழையிலிருந்து எடுத்து, மேடையைச் சுற்றி ஏழு முறை ஆடிப் பாடி வலம் வருவர். இந்த ஏழு வலமும் 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சபேத் நகரத்து ஞானியரின் செல்வாக்கால் உறுதி பெற்றது. பின்னர் ஐந்தாம் நூலின் இறுதிப் பகுதியை ஓதுவர். ஓதி முடித்தவுடன் மற்றொரு சுருளை விரித்து முதல் நூலின் தொடக்கத்தை ஓதுவர். முடிவுக்கும் தொடக்கத்துக்கும் இடையில் ஒரு நாள்கூட இடைவெளி விடுவதில்லை. இறுதியை ஓத அழைக்கப்படுபவன் ‘தோராவின் மணமகன்’. தொடக்கத்துக்கு அழைக்கப்படுபவன் ‘ஆதியின் மணமகன்’. சிறுவர்களை ஒன்றாக அழைத்து, அவர்கள் தலைக்கு மேல் ஒரு தொழுகைப் போர்வையை விரித்துப் பிடித்து வாழ்த்துவதும் உண்டு. 1663ஆம் ஆண்டு ஒக்டோபரில் லண்டன் யூதப் பள்ளிக்குள் நுழைந்த சாமுவேல் பெப்பீஸ் என்னும் நாட்குறிப்பாளர் இந்த ஆட்டத்தைக் கண்டு முகஞ்சுளித்தார். வழிபாட்டில் மகிழ்ச்சி இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

எங்களூரில் இது எளிதில் விளங்கும். குர்ஆனை ஓதி முடித்தவர்கள் முடித்த கையோடு பாத்திஹாவை ஓதி மீண்டும் தொடக்கத்துக்குச் செல்வதை எம் முஸ்லிம் மாணவர் அறிவர். கோயில்களில் ஒருவர் புராணம் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லிவர, படிப்பு நிறைவுறும் நாளில் ஊரே திரள்வதைத் தமிழ் மாணவர் அறிவர். நூலை முடிப்பது ஒரு மங்கலம் என்ற உணர்வு இம்மூன்று மரபுகளுக்கும் பொதுவானது. இதனைச் சொன்னபோது வகுப்பில் இருந்த இறுக்கம் தளர்ந்ததை நான் கண்டேன்.

இனி, இந்த விழா எவ்வாறு நம் கடற்கரைகளுக்கு வந்தது என்பதைக் காண்போம். இந்துமா கடலின் பருவக்காற்று வணிகருக்கு மதம் பார்க்கத் தெரியாது. 10ஆம் நூற்றாண்டில் எழுதிய அபூ சைத் அல் ஸிராபி, சரந்தீபாகிய நம் இலங்கையில் யூதர்கள் திரளாக வாழ்ந்ததைக் குறிப்பிடுகிறார். 1154இல் தம் புவியியல் நூலை முடித்த அல் இத்ரீசி, இலங்கை மன்னனின் அவையில் பதினாறு அமைச்சர் இருந்தனர் என்றும், அவருள் நால்வர் யூதர் என்றும் எழுதினார். கொல்லத்தில் 849ஆம் ஆண்டு கிறித்தவப் பள்ளி ஒன்றுக்கு வழங்கப்பட்ட செப்பேட்டில், அரபு எழுத்திலும் பாரசீகப் பகலவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் சாட்சிகள் ஒப்பமிட்டிருக்கின்றனர். ஒரே செப்பேட்டின் அடியில் முஸ்லிமும் பார்சியும் கிறித்தவனும் யூதனும் அருகருகே நிற்கின்றனர்.

அச்செப்பேட்டில் ‘அஞ்சுவண்ணம்’ என்ற வணிகக் குழுவின் பெயர் வருகிறது. கூட்டம் என்னும் பொருளுடைய ‘அஞ்சுமன்’ என்ற பாரசீகச் சொல்லின் திரிபு அது. மேற்காசிய வணிகர்களின் கூட்டமைப்பாகிய அதில் யூதரும் முஸ்லிமும் பிறரும் இருந்தனர். தமிழகத்தில் அச்சொல் பிற்காலத்தில் முஸ்லிம் வணிகரையே சிறப்பாகக் குறிக்கலாயிற்று. இன்று ஒருவரை ஒருவர் ஊழிக்காலப் பகைவர் என்று கருதும் இரு மக்கள், நம் கடற்கரையில் ஒரே சங்கத்தின் உறுப்பினராய் வணிகம் செய்தனர். இது கற்பனை அன்று. செம்பில் வெட்டிய செய்தி.

1000ஆம் ஆண்டளவில் சேரமன்னன் பாஸ்கர ரவி முயிரிக்கோட்டிலிருந்து இசுப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வழங்கினான். எபிரேய மொழியில் யோசேப்பு ரப்பான் என்பது அவன் பெயர். பகலில் விளக்கேந்திச் செல்லல், நடைபாவாடை விரித்தல், பல்லக்கு, குடை, பறை, ஊதுகொம்பு, வாயிலில் தோரணம் ஆகியவை அவ்வுரிமைகளுட் சில. இவற்றைக் கேட்டதும் எம் மாணவர்கள் சிரிப்பர். நம் கலியாண வீட்டுக்கும் கோயில் வாசலுக்கும் உரிய பொருள்கள் அல்லவா இவை? உண்மைதான். ஆனால் இவ்வுரிமைகள் உயர்ந்தோருக்கு உரியவை, தாழ்த்தப்பட்டோர்க்கு மறுக்கப்பட்டவை. யூதத் தலைவன் இவற்றைப் பெற்றபோது, அந்தப் படிவரிசைக்குள் ஓர் உயர்ந்த படியையும் பெற்றுக்கொண்டான். அந்தப் படியின் விலையைப் பின்னர்க் காண்போம்.

கொடுங்கல்லூரிலிருந்து காலப்போக்கில் யூதர்கள் கொச்சிக்கு நகர்ந்தனர். கொச்சங்காடியில் 1344ஆம் ஆண்டில் ஒரு யூதப் பள்ளி எழுந்ததை அதன் எபிரேயக் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டோரும் பிறநாட்டு யூதரும் வந்து சேர்ந்தபின், 1568இல் மட்டாஞ்சேரியில் பரதேசிப் பள்ளி கட்டப்பட்டது. கொச்சி மன்னனின் அரண்மனைக் கோயிலுக்கு மதில் ஒட்டிய இடம் அது. 1662இல் போர்த்துக்கேயர் அதனைச் சிதைத்தனர். ஒல்லாந்தர் வந்தபின் 1664இல் மீண்டும் எழுந்தது. ஐரோப்பாவில் யூதன் எரிக்கப்பட்ட நூற்றாண்டுகளில், கொச்சி மன்னர்கள் அவனைத் துன்புறுத்தியதில்லை. துன்புறுத்தியவருள் கடல் கடந்து வந்த ஐரோப்பியரும் இருந்தனர்.

இங்கே சிம்ஹத் தோரா கேரளத்தின் நிறத்தைப் பெற்றது. குடிசை விழாவின் குடிசைகளைத் தென்னங்கிடுகால் வேய்ந்தனர். மகிழ்வு நாளுக்கு முன்பாக, நிலையான பேழைக்கு முன்னே தற்காலிகப் பேழையொன்றை அமைத்துப் பட்டுத் துணிகளால் அணிசெய்தனர். வெள்ளிக் கூடுகளுக்குள் இருக்கும் சுருள்கள் பொன்முடி சூடி அதில் வீற்றிருக்கும். அம்முடிகளுள் ஒன்று 1805இல் திருவிதாங்கூர் மன்னர் அளித்தது. மல்லிகைச் சரங்கள் தொங்கும். தேங்காயெண்ணெய் விளக்குகள் அடுக்கடுக்காய் எரியும். சீனத்து நீல ஓடுகள் பதித்த தளத்தில் எல்லோரும் வெறுங்காலுடனேயே நடப்பர். பிற நாட்டு யூதர் உள்ளேயே வலம் வருவதோடு நிறுத்த, கொச்சியார் பிற்பகலில் சுருள்களை வெளியே எடுத்து வந்து பள்ளியைச் சுற்றி வெளிவீதி வலம் வந்தனர். மூலவர் கருவறையிலிருக்க எழுந்தருளி வீதிக்கு வரும் நம் உற்சவ முறையோடு இதனை ஒப்பிடாதவர் யார்? விழா முடிந்ததும் பாட்டோடேயே அந்தத் தற்காலிகப் பேழையைக் கலைத்துவிடுவர். அன்று அயலவரான பிற மதத்தாரும் பள்ளிகளின் அலங்காரத்தைக் காண வருவர்.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய இடங்களிலிருந்த எட்டுப் பள்ளிகளிலும் அவர்களுக்கு மேன்மாடமே இடம். ஆயினும் கொச்சி யூதப் பெண்கள் தங்களுக்கென மலையாளப் பாட்டுகளைக் குறிப்பேடுகளில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்குக் கையளித்தனர். திருமணங்களிலும் விழாக்களிலும் ஆண்கள் இருக்கும் அவையிலேயே பாடினர். ஸ்கறியா சக்கரியாவும் ஒபீரா கம்லியேலும் பதிப்பித்து 2005இல் ‘கார்குழலி’ என்ற பெயரில் வெளிவந்த தொகுப்பில் இப்பாட்டுகள் பல உள்ளன. நூலின் பெயரே தமிழ் மாணவனைக் கைகாட்டி அழைக்கிறதன்றோ?

அழகை இதுவரை சொன்னேன். இனி வாசலைப் பார்ப்போம்.

பரதேசிப் பள்ளியின் உள்ளே எல்லா யூதரும் சமமாக இருக்கவில்லை. ‘வெள்ளை யூதர்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட பரதேசிகள், தமக்கு முன்பே மலையாளக் கரையில் வேரூன்றியிருந்த மலபாரி யூதரைக் ‘கறுப்பர்’ என்று ஒதுக்கினர். இவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர் ‘மெசுஹ்ராரிம்’ எனப்பட்டோர். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர் என்பது பொருள். இவர்கள் இருக்கைகளில் அமர முடியாது. முன்கூடத்தின் தரையே இவர்களுக்கு இடம். தோராவை ஓத அழைக்கப்படுவதில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவின் பேரறிஞர் டேவிட் இப்னு சிம்ராவிடம் கொச்சியிலிருந்து இதுபற்றிக் கேட்கப்பட்டது. உரிய சடங்கு செய்தபின் அவர்கள் முழு யூதரே; திருமண உறவுக்கும் உரியவர் என்று அவர் தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்தது, தீண்டாமை போகவில்லை. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மீண்ட கதையை ஆண்டுதோறும் ஓதியவர்கள், தம் வீட்டு அடிமையின் பேரனைத் தரையில் உட்கார வைத்துவிட்டு ஓதினர்.

இதற்குக் காரணம் யூத மதம் அன்று. யூதர் வாழ்ந்த சமுதாயம். சாதியடுக்கில் உயர்ந்த படியைப் பெற்றவன் அதனைக் காத்துக்கொள்ளக் கீழே ஒருவனை வைத்தாக வேண்டும். எழுபத்திரண்டு உரிமைகளின் விலை இதுதான். நிலவுடைமைச் சமுதாயம் தன்னிடம் அடைக்கலம் புகுந்த எந்த மதத்தையும் விட்டுவைக்கவில்லை.

அந்தத் தரையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஆபிரகாம் பராக் சேலம் என்னும் அவர் 1882இல் பிறந்தார். எர்ணாகுளத்திலும் சென்னையிலும் கற்று வழக்கறிஞரானார். கொச்சி யூதருள் முதற் பட்டதாரி அவரே. 1925 முதல் 1931 வரையும் மீண்டும் 1939 முதல் 1945 வரையும் கொச்சிச் சட்டசபையில் இருந்தார். 1929இன் இறுதியில் லாகூர்க் காங்கிரசுக்குச் சென்றார். ‘யூத காந்தி’ என்று பெயர் பெற்ற அவர், காந்தியடிகளிடம் கற்ற சத்தியாக்கிரகத்தைத் தம் சொந்தப் பள்ளியிலேயே கையாண்டார். அவரும் அவர் மக்களும் தொடர்ந்து போராடியதால், தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆயினும் 1950இல் அவர் மகன் ஒருவர் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, அத்திருமணம் கொச்சியில் நடக்க முடியவில்லை, பம்பாயில் நடந்தது. சேலம் 1967இல் மறைந்தார். மறு ஆண்டு, 1968இல், நம் நாட்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர் என்பதை வாசகர்க்கு நினைவூட்டத் தேவையில்லை. மட்டாஞ்சேரிக்கும் மாவிட்டபுரத்துக்கும் இடையில் கடல் இருக்கிறது, வாசல் ஒன்றே.

மகிழ்வு நாள் எதிர்ப்பின் நாளாக வீதிக்கு வந்ததும் உண்டு. 1960களில் மொஸ்கோ நகரின் அர்க்கிப்போவா வீதியிலுள்ள யூதப் பள்ளியின் முன்னே, இந்த இரவில் மாணவரும் இளைஞரும் ஆயிரக்கணக்கிற் கூடி ஆடிப் பாடினர். அவர்களுட் பலர் மதநம்பிக்கை அற்றவர். எபிரேய எழுத்துகளையும் அறியாதவர். தங்கள் பெயரைத் தாங்களே சொல்ல வேண்டும் என்ற வேட்கை அவர்களை அங்கே கொண்டுவந்தது. தேசிய இனங்களின் சமத்துவத்தைப் பறைசாற்றிய நாட்டில் இப்படியோர் இரவு தேவைப்பட்டது என்பதை இடதுசாரிகளாகிய நாம் மறைத்தல் ஆகாது. மறைத்தால், பிறர் வாசல்களைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி இல்லை.

1948இல் இஸ்ரேல் அரசு தோன்றியது. அக்காலத்தில் ஏறத்தாழ 2,500 பேராக இருந்த கொச்சி யூதருட் பெரும்பாலோர் புறப்பட ஆயத்தமாயினர். அவர்களைத் துரத்தியவர் எவருமில்லை. பழைய வேண்டுதலும் புதிய வறுமையும் அழைத்துச் சென்றன. யானைக்கால் நோயைக் காரணங்காட்டி அந்த அரசு அவர்களைச் சில காலம் தடுத்து வைத்தது. அங்கும் ஒரு வாசல் இருந்தது. 1950களின் நடுப்பகுதியில் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். மாளாவின் பள்ளி 1955இல் ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சென்றவர்களுட் பலர் 1954 முதல் தென் பாலைநிலமாகிய நெகேவில், நெவாத்திம் என்னும் குடியேற்றத்தில் வேளாண்மை செய்தனர்; மலர் வளர்த்தனர்; கொச்சி முறைப்படியான பள்ளியொன்றையும் எழுப்பினர். நூலை அறுவடையாகக் கொண்டாடியவர்களுக்கு மீண்டும் நிலம் கிடைத்தது.

ஆனால், நிலம் யாருடையது என்ற வினா அங்கே காத்திருந்தது. 1948இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பலஸ்தீனர் தம் வீடுகளை இழந்தனர். நெகேவின் பதூவி அரபுகள் தொடர்ந்து இடம்பெயர்க்கப்பட்டனர். 1980களின் தொடக்கத்தில் நெவாத்திமின் அயலில் ஒரு விமானப்படைத் தளம் அமைக்கப்பட்டபோது, அந்நிலத்திலிருந்த பதூவிக் குடும்பங்கள் அகற்றப்பட்டன. அத்தளம் கொச்சியாரின் ஊர்ப் பெயரையே தாங்கியிருக்கிறது. இன்று இஸ்ரேலின் எப்-35 போர்விமானங்கள் அங்கேயே நிறுத்தப்பட்டுள்ளன. மல்லிகைச் சரத்தோடு தோராவை வலம் வந்தவர்களின் ஊர்ப் பெயர், குண்டு ஏற்றிச் செல்லும் ஊர்திகளின் தளத்துக்குப் பெயராயிற்று. அம்மலர்த் தோட்டக்காரர்களை இதற்குக் குற்றஞ்சாட்டுதல் அறியாமை. எளிய மக்களின் ஏக்கத்தை ஓர் அரசு எதற்கெல்லாம் பயன்படுத்தும் என்பதற்கு இது சான்று.

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் நாள் இஸ்ரேலில் சிம்ஹத் தோரா. அன்று காலை ஹமாஸ் இயக்கத்தினர் எல்லை கடந்து புகுந்தனர். ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 250 பேர் பணயக் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். பெருநாட் காலையில் வீட்டிலிருந்தோரைக் கொல்லுதல் விடுதலைப் போர் ஆகாது. அதனை எந்த ஒடுக்குமுறையும் நியாயமாக்காது. அதன்பின் காஸாவின் மீது தொடங்கிய போரில், 2025 ஒக்டோபர் வரையில், அந்நாட்டுச் சுகாதார அமைச்சின் கணக்குப்படி 67,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் குழந்தைகள் பல்லாயிரவர். இதனையும் எந்தத் துயரமும் நியாயமாக்காது. 2025 ஒக்டோபர் 13ஆம் நாள், மகிழ்வு நாளுக்கு முதல் நாள், உயிரோடிருந்த இருபது பணயக் கைதிகளும், ஏறத்தாழ 2,000 பலஸ்தீனச் சிறைக்கைதிகளும் விடுவிக்கப்பட்டனர். இரு பக்கமும் தாய்மார் அழுதனர். அந்த ஒரு நாளிலேனும் மகிழ்ச்சி எல்லைக்கு இருபுறமும் இருந்தது.

அடிமையும் அந்நியனும் அநாதையும் கைம்பெண்ணும் சேர்ந்து மகிழாத விழா விழா ஆகாது என்ற அளவுகோலை இப்பொழுது எடுத்துப் பார்ப்போம். மட்டாஞ்சேரியின் முன்கூடத் தரையில் அது தோற்றது. சேலம் எழுந்தபோது அது வென்றது. காஸாவில் இடிபாட்டுக்குள் கிடக்கும் அநாதைக்கு முன்னே அது மீண்டும் தோற்கிறது. யூத அறத்துக்கு எதிராக நிற்பது இங்கே யூத வேதமல்ல. யூதரின் பெயரால் ஆளும் அரசு. மக்களையும் அரசையும் பிரித்தறியும் இந்த அறிவை மாணவனுக்கு அளிக்காவிட்டால், நாம் அவனுக்கு வெறுப்பையே கற்பித்தவராவோம். வெறுப்புக்கு வரலாறு தேவையில்லை, நீதிக்குத் தேவை.

அந்த அளவுகோல் மற்றவர்க்கு மட்டும் உரியதன்று. 2006ஆம் ஆண்டு ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் மக்கள் ஊரைவிட்டுக் கந்தளாய் நோக்கி ஓடினர். அதே நாள்களில் பதினேழு தொண்டுநிறுவனப் பணியாளர் இவ்வூரில் கொல்லப்பட்டனர். அவருள் பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அதே ஆண்டில் சம்பூரை விட்டு வெளியேறிய தமிழ் மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்க 2015 வரை காத்திருந்தனர். நிலமிழத்தல் எதுவென்பதை எம் வகுப்பின் இரு பக்கத்து இருக்கைகளும் அறியும். ஆயினும் ஒரு பக்கத்தின் பெருநாளில் மறுபக்கம் வாசலிலேயே நின்றுவிடும் ஆண்டுகளும் எங்களுக்கு உண்டு. பலஸ்தீனத்துக்காகக் கண்ணீர் விடுபவன் பக்கத்து ஊரின் இழப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், அவன் கண்ணீர் முழுமை பெறாது.

மட்டாஞ்சேரியின் பரதேசிப் பள்ளி இன்று பெரும்பாலும் பயணிகள் பார்த்துச் செல்லும் இடம். யூத முறைப்படி கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆடவர் அவ்வூர்ப் பரதேசியருள் இல்லை. பொன்முடி இருக்கிறது, சீன ஓடுகள் இருக்கின்றன. உள்ளே அமர்ந்தவரும் தரையில் அமர்த்தப்பட்டவரும் ஒருசேரப் போய்விட்டனர்.

அந்த விழாவில் ஓதப்படும் இரு பகுதிகளையும் மாணவர்க்கு விளக்கும்போது ஒரு செய்தியைச் சுட்டிக்காட்டுகிறேன். இறுதிப் பகுதியில் மோசே ஒரு மலைமீது நின்று வாக்களிக்கப்பட்ட நிலத்தைப் பார்க்கிறார். அதற்குள் நுழையாமலே இறக்கிறார். நூல் நிலத்துக்கு வெளியிலேயே முடிகிறது. உடனே விரிக்கப்படும் மறுசுருளில் எந்த நாடும் எந்தக் குலமும் இன்னும் தோன்றவில்லை. வானமும் பூமியும் தோன்றுகின்றன. பின்னர் ஒரு மனிதன் தோன்றுகிறான். அவனை எம் மாணவர் அறிவர். முஸ்லிம் பிள்ளைகள் ஆதம் என்பர். கிறித்தவப் பிள்ளைகள் ஆதாம் என்பர். அவனுக்கு எல்லையுமில்லை, வாசலுமில்லை.